எருமைக்கு மேல் எது நடந்தாலும்

ஓசூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜசேகர் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தவிட்டில் கலந்து எருமைக்குப் போட்டுவிட்டுத் தான் சாப்பிட்டதாகச் சொல்கிறாரா இன்னும்? நான் சுகம்தான். கம்பெனி கேன்டீன் சாம்பார்தான் சுகமில்லை.

போனில் சொல்லலாம் என்றால் நீ பாறை மேல் ஏறினால்தான் சிக்னல், ஏறினால் காற்றில் பாதி கேட்காது. அதனால் காகிதம்.

நல்ல செய்தி. நம்முடைய 'பரண்' நிரலை மேனேஜரிடம் காட்டினேன். "அஞ்செட்டி மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் ராகியைக் காக்க மரத்தில் பரண் கட்டிக் கண் விழித்தார்கள். நானும் அக்காவும் காட்டோரம் நான்கு கம்பம் நட்டோம். நிலம் அதிர்வதைக் கேட்டு, யானை என்றால் கம்பமே மணி அடிக்கும். நான்கு வருஷமாக ஊர் தூங்குகிறது" என்று சொன்னேன். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பெனியே பெட்டியாகச் செய்து காட்டோர ஊர்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். உரிமம் என்ன என்று கேட்டார். கட்டற்ற மென்பொருள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அது கொள்கைக்காரங்க சமாச்சாரம், லீகல்ல ஒத்துக்க மாட்டாங்க. திறமூலம்னு போடுங்க" என்றார். பெயர் மாற்றம்தான் அக்கா, நிரல் அதே நிரல். ஆனால் எழுதிய நான்கு பேரும் ஒப்புதல் தர வேண்டும். நீ, நான், ஊரில் நம்மோடு சேர்ந்து எழுதிய மூர்த்தி, அருணா. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இரண்டு பக்கம், படித்தால் தூக்கம்தான் வரும்.

அப்பாவின் மாத்திரையை நீயே வாயில் போடு.

அன்புத் தம்பி,
ராஜசேகர்

———

அஞ்செட்டி வழி
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பி ராஜசேகருக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியம். எருமைகள் அதைவிட சௌக்கியம், மாத்திரை அவற்றுக்குத்தானே போகிறது. பக்கத்து நிலத்துச் சென்னம்மாவும் உன்னைக் கேட்டாள். "உங்க தம்பி கண்ணாலம் கட்டிக்கிறானா, இல்ல கம்பெனியையே கட்டிக்கினானா?" என்றாள். இரண்டாவதுதான் என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் கட்டற்ற என்றதும் ஒருவருக்கு முகம் சுருங்கினால் எதனால் சுருங்குகிறது என்று நீ கேட்டிருக்க வேண்டாமா?

பாலிடெக்னிக்கில் சுப்ரியா மேடம் சொன்ன பிரிண்டர் கதை மறந்துவிட்டதா? அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடம். பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். வேலை செய்தவர்களில் ஒருவர், சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி நிரலில் நாலு வரி சேர்க்க நினைத்தார். பழைய பிரிண்டரில் அப்படித்தான் செய்திருந்தார். புதியதன் நிரலை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டால், தர மாட்டேன் என்றார். வெளியே காட்டுவதில்லை என்று பிரிண்டர் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். தன் கண் முன்னால் சிக்கி நிற்கிற இயந்திரத்தைத் தானே சரிசெய்யக் கூடாது என்பது என்ன நியாயம் என்று அவருக்கு வந்த கோபத்தில்தான் கட்டற்ற மென்பொருள் பிறந்தது என்று மேடம் சொன்னார். எண்பதுகளில். நாம் பிறக்கும் முன்பு.

அதைக் கேட்டுவிட்டுத்தானே நம் நிரலுக்கும் அந்த உரிமத்தைப் போட்டோம். யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். மாற்றிக் கொடுப்பவர் தனக்குக் கிடைத்த உரிமையை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும்.

நம் வேலைக்கு அது ஏன் முக்கியம் என்று உனக்குத் தெரியும். எருமை நடந்தால் மணி அடிக்கக் கூடாது, எருமைக்கு மேல் எது நடந்தாலும் அடிக்க வேண்டும். பெரிய மழை பெய்தால் மண் இளகி அதிர்வு குறையும். அப்பா எருமையைக் கம்பத்தருகே ஓட்டிப் போவார், அதைப் பார்த்து, எவ்வளவு அதிர்ந்தால் மணி அடிக்க வேண்டும் என்ற எண்ணை நான் நிரலில் குறைப்பேன். இந்த மண்ணுக்கு எந்த எண் என்று ஓசூரில் இருப்பவருக்குத் தெரியாது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். புதிய தாளில் கையெழுத்துப் போட்டால், எடுத்தவர் மூடி வைத்துக்கொள்ள முடியுமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
சுமலதா

———

ஓசூர்
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நன்றாக இருப்பது பற்றி மகிழ்ச்சி. எனக்குச் சளி, வேறொன்றுமில்லை. சென்னம்மாவிடம் பெண் பார்க்கச் சொல்.

பிரிண்டர் கதை பழைய கதை அக்கா. அதற்குப் பிறகு நடந்ததை மேடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1998. ஒரு இணைய உலாவிக் கம்பெனி தன் நிரலை ஊருக்கே திறந்து விடப்போவதாக அறிவித்தது. இதுதான் சமயம் என்று கலிபோர்னியாவில் சிலர் கூடிப் பேசினார்கள். கட்டற்ற என்பதற்கு இங்கிலீஷில் அவர்கள் வைத்திருந்த 'ஃப்ரீ' என்ற சொல்லைக் கேட்டால் ஒருவன் இலவசம் என்று நினைக்கிறான், இன்னொருவன் புரட்சி என்று பயப்படுகிறான். வியாபாரிக்கு இரண்டும் ஆகாது. அப்போது ஒரு பெண் சொன்ன பெயர்தான் 'ஓப்பன் சோர்ஸ்', நாம் சொல்லும் திறமூலம். சுதந்திரம், நியாயம் என்று பேசாமல், "பலர் பார்த்தால் பிழை குறையும், வேலை சீக்கிரம் முடியும், செலவு மிச்சம்" என்று பேசினார்கள். கதவுகள் திறந்தன. இன்று உலகத்துக் கம்பெனிகளில் பாதி அதில்தான் ஓடுகிறது.

சண்டை போட்டுக் கதவுக்கு வெளியே நிற்பதா, சிரித்துப் பேசி உள்ளே போவதா? நான் உள்ளே போகிறேன்.

கையெழுத்து வந்ததும் நம் ஊருக்குத்தான் முதல் பெட்டிகள். மழைக்கும் வெயிலுக்கும் அசையாத பெட்டி. கம்பங்களில் இருக்கும் பழைய மின்சுற்று போர்டுகளைக் கழற்றி பஸ்ஸில் போட்டுவிடு. திரை உடைந்த உன் லேப்டாப்பையும் சேர்த்து அனுப்பு, இங்கே சரிசெய்து தருகிறேன்.

அன்புத் தம்பி,
ராஜசேகர்

———

அஞ்செட்டி வழி
18 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

சளிக்குத் துளசியும் மிளகும் கஷாயம் வைத்துக் குடி. அப்பா ராகி விதைத்துவிட்டார், முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கலிபோர்னியா வரை போய்விட்டு வந்திருக்கிறாய், அஞ்செட்டிக்கு வரவில்லை. மறந்திருப்பாய். உன்னிடம் போய் வக்கீல் மாதிரி நின்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ தாளைக் கொடுத்தால் நான் கையெழுத்துப் போடுவேன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மூர்த்தி படித்துப் பார்க்க வேண்டும் என்றான். "என் தம்பி எழுதி அனுப்பியதை நீ படிக்கிறாயா?" என்று அவனிடம் கோபித்துக்கொண்டேன். அவனும் அருணாவும் போட்டுவிட்டார்கள். தாள், போர்டுகள், லேப்டாப் எல்லாம் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பில்தான் நம் மழைக்கால எண்கள் எல்லாம் இருக்கின்றன, பத்திரம்.

உன் பிரியமுள்ள அக்கா,
சுமலதா

———

ஓசூர்
25 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக. என்னை இந்தப் பிராஜெக்டுக்கே லீடராகப் போட்டுவிட்டார்கள். கேபின் தந்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார். அடுத்த மாதம் பெட்டிகள் வரும், ஆட்கள் வந்து மாட்டிவிடுவார்கள்.

ராஜசேகர்

———

அஞ்செட்டி வழி
15 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கேபின் செய்தி கேட்டு அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கேபின் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, பெரிய பதவி என்று வைத்துக்கொண்டார். உடம்பு தேவலையாகத்தான் இருக்கிறது அவருக்கு.

பெட்டிகள் வந்தன. வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கி, ஒரு முறை நின்று எரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வைத்த மினுக்கல் அது, போர்டு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. உள்ளே இருப்பது நம் நிரல்தான் என்று அப்போதே தெரிந்தது.

ஆனால் தம்பி, பெட்டியில் திருகாணியே இல்லை. ஒட்டி வைத்திருக்கிறார்கள். லேப்டாப் கம்பியை எங்கே செருகுவது? எண்ணை எப்படி மாற்றுவது? மாட்ட வந்தவரைக் கேட்டேன். "அதெல்லாம் நீங்க தொடக் கூடாதுங்க, திறந்தா வாரண்டி போயிரும்" என்கிறார். நான் எழுதியதை நான் தொடக் கூடாதாம்.

நிரலையாவது பார்க்கலாம் என்று பாறை மேல் ஏறி நம் இணையப் பக்கத்தைத் திறந்தேன். பக்கமே இல்லை என்று வருகிறது. கணக்கு உன் பெயரில்தானே இருந்தது? ஏதாவது கோளாறா?

லேப்டாப் சரியாகிவிட்டதா? மழை தொடங்கும் முன் வேண்டும்.

அன்பு அக்கா,
சுமலதா

———

அஞ்செட்டி வழி
14 அக்டோபர் 2024

தம்பி ராஜசேகருக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? போன கடிதம் கிடைத்ததா என்றே தெரியவில்லை. போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இங்கே நல்ல மழை. காடு தொப்பலாக ஊறிக் கிடக்கிறது. நேற்று அப்பா வழக்கம்போல எருமையைக் கம்பத்தருகே ஓட்டிப் போனார். பெட்டி பேசவில்லை, சரி. இரண்டு எருமையையும் சேர்த்து ஓட்டினார். நம் கணக்குப்படி இரண்டு சேர்ந்தால் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. சென்னம்மாவின் எருமையையும் ஓட்டி வந்தோம். மூன்று எருமைகள் ஊர்வலம் போகின்றன, பெட்டி சும்மா இருக்கிறது. காய்ந்த மண்ணின் எண் அப்படியே கிடக்கிறது உள்ளே.

"என்னாத்துக்குமே பேசாத பெட்டி என்னாத்துக்கு ஆவும்?" என்றாள் சென்னம்மா. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பையன் செஞ்சது. ஆனை வந்தா அடிக்கும். எருமைக்கெல்லாம் அடிக்கிறதுக்கு அது என்ன பைத்தியமா?" என்றார்.

ராகி கதிர் பிடிக்கிறது. பெட்டி வந்ததென்று இந்த வருஷம் யாரும் பரண் கட்டவில்லை. எண்ணை மாற்றும் வழியை மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

சுமலதா

———

ஓசூர்
24 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நலம்தானே? உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வெளியூர் போயிருந்தேன்.

எண்ணை மாற்றுவது இப்போது என் கையில் இல்லை. கம்பெனி முறைப்படி கோரிக்கை அனுப்ப வேண்டும், வரிசைப்படி பார்ப்பார்கள். நானும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆளாளுக்கு மாற்றினால் எந்தப் பெட்டி எப்படி நடக்கும் என்று பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

நிரல் மூடியது பற்றி நீ வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் யாரும் சட்டத்தை மீறவில்லை. நீங்கள் கையெழுத்திட்ட திறமூல உரிமப்படி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மூடி வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. இணையப் பக்கத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். லேப்டாப் கம்பெனி ஸ்டோரில் இருக்கிறது, கேட்டு வாங்கி அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

ராஜசேகர்

———

அஞ்செட்டி வழி
12 நவம்பர் 2024

ராஜசேகருக்கு,

நலம் கேட்க மனமில்லை. இங்கே நலமில்லை.

போன வாரம் யானை வந்தது. நம் கிழக்குக் கம்பத்தை ஒட்டியே நடந்திருக்கிறது, காலடித் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெட்டி அடிக்கவில்லை. சென்னம்மாவின் ராகி முழுவதும் போயிற்று. சத்தம் கேட்டு அப்பா எழுந்து போயிருக்கிறார். மணி அடிக்காததால் பன்றி என்று நினைத்துத் தட்டு ஒன்றைத் தட்டிக்கொண்டே நேராகப் போயிருக்கிறார். துதிக்கையால் ஒரு தள்ளு. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது. இனி எருமை ஓட்டமாட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "ராசு செஞ்ச பொட்டி அடிக்காம இருக்குமா? பேட்டரி போயிருக்கும். நாந்தான் பாக்காம உட்டுட்டன்." பேட்டரியில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். அவர் முன்னால் சொல்ல முடியாமல் வராந்தாவில் போய் நின்றேன்.

இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஜூன் மாதம் நான் கேட்டபோது அந்தப் பக்கம் உன்னிடம் இல்லையா? மூட முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். முடியும் என்று நீ சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்ததால்தான் எனக்குக் கலிபோர்னியா கதை சொன்னாய்.

திறமூலம் என்ற பெயரை வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பேச்சைத்தான் மாற்றினார்கள். நம் பழைய உரிமத்தையே திறமூலம் என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்று மூர்த்தி தேடிப் படித்துச் சொன்னான். பெயரை மாற்ற யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லையாம். நீ பெயரைக் காட்டி உரிமத்தை மாற்றிக்கொண்டாய். முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் ஏமாந்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நீ செய்தாய். எனக்குத் துரோகம் செய்தாய், என் வாயாலேயே மூர்த்திக்கும் அருணாவுக்கும் செய்ய வைத்தாய்.

அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்காக வர வேண்டாம், அவருக்காக வா.

சுமலதா

———

ஓசூர்
20 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவைப் பற்றிக் கேட்டு மிகவும் வேதனைப்பட்டேன். இப்போது தேறியிருப்பார் என்று நம்புகிறேன். இந்த மாதம் லீவு கிடைக்கவில்லை.

லேப்டாப்பை இத்துடன் அனுப்புகிறேன். ஸ்டோரில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டார்களாம், எனக்கு முன்பே தெரியாது.

ஒரு அவசர விஷயம். கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிரேம்குமார் என்று ஒருவர் நம் பழைய பரணை இணையத்தில் மறுபடி போட்டிருக்கிறார். கட்டற்ற மென்பொருள் என்று மேலேயே எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் வரிசையில் என் பெயரும் இருக்கிறது. கம்பெனி லீகலில் கூப்பிட்டுக் கேட்டார்கள், எனக்குப் பெரிய சங்கடம். உனக்கு அவரைத் தெரியும் என்று நினைக்கிறேன். அதை நிறுத்தச் சொல்லவில்லை. என் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல் அக்கா. இந்த ஒரு உதவி.

அன்புத் தம்பி,
ராஜசேகர்

———

அஞ்செட்டி வழி
5 ஜனவரி 2025

ராஜசேகருக்கு,

லேப்டாப் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலில் இருந்தபடி எருமையை அதட்டுகிறார், அவை அவரை மதிப்பதில்லை. லீவு கிடைக்காத விஷயத்தை அவரிடம் சொன்னேன். "பெரிய பதவி, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

பிரேம்குமாரை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மூன்று வருஷம் முன்பு நம் நிரலில் ஒரு பிழையைக் காட்டிக் கன்னடத்தில் எழுதியவர். அன்றே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார், நம் பழைய உரிமத்தோடு. நவம்பரில் பாறை மேல் ஏறி அவரைக் கூப்பிட்டேன். பைக்கில் போர்டுகளோடு வந்து இறங்கினார். அவர்கள் பக்கத்து யானைகளுக்காக அவர் சேர்த்ததையும் திறந்து காட்டினார். மழையளவைப் பார்த்து அந்த எண் தானாகவே இறங்கும்படி எழுதியிருக்கிறார். மழைக்கு மழை நான் கையால் மாற்றியது இனி வேண்டாம். என்ன தர வேண்டும் என்று கேட்டேன். "உங்களுது தானே, மாத்தினதைத் திருப்பிக் குடுக்கணும்னு நீங்கதானே அதுல எழுதியிருக்கீங்க" என்று சிரித்தார்.

நாம் நால்வரும் போட்ட கையெழுத்தால், அதற்கு முன் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாதாம். ஒருவருக்கு ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான். உன் கம்பெனி என்ன மூடினாலும் அவர் கையில் இருந்த பிரதியை மூட முடியவில்லை. பிரிண்டர் கதைக்காரருக்கு வந்த கோபம் நல்ல கோபம்.

வெள்ளைப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு அவர் கொண்டுவந்த போர்டுகளைக் கம்பங்களில் மாட்டினோம், பெட்டிகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். திறக்கவில்லை, வாரண்டி போகாது.

இனி நீ கேட்ட உதவி. பிரேம்குமாரிடம் பேசினேன். எழுதியவர் பெயரை அழித்துவிட்டு நிரலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அந்த உரிமத்திலேயே இருக்கிறது. எனக்கும் கை அரிக்கத்தான் செய்தது. உன் பெயரை அழிக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு அதிக ஆசை. ஆனால் கம்பத்தில் எருமையையும் யானையையும் பிரித்தறியும் பகுதியை எழுதியது நீதான். இரண்டாவது பெயராக இருக்கிறாய். அப்படியே இருப்பாய். நிரலை யார் எடுத்துப்போனாலும் உன் பெயரும் கூடவே போகும்.

போன வாரம் கிழக்குக் கம்பம் அடித்தது. ஊரே தீப்பந்தத்தோடு ஓடியது, யானை திரும்பிவிட்டது. நான் வீட்டுக்குள் வந்தபோது அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியா சுமா, நான் சொல்லல? ராசு பொட்டி அடிக்குது பாரு" என்றார்.

ஆமாம் அப்பா என்றேன்.

சுமலதா